புது ஜீன்ஸின் நீலம் மற்றதில் ஒட்டாமல் இருக்க: உப்பா, வினிகரா, ஃபிக்ஸரா, வெறும் தண்ணீரா?

போன ஆவணியில் பாலக்கோட்டில் ஒரு கல்யாணம். காவேரிப்பட்டணத்திலிருந்து அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பைக்கில் போனேன். நான் போட்டிருந்தது பர்கூரில் இரண்டு நாள் முன்பு வாங்கிய கருநீல ஜீன்ஸ். அப்பா கட்டியிருந்தது புது வெள்ளை வேட்டி. பாதி வழியில் தூறல் பிடித்தது. பெரிய மழை இல்லை, தொடை நனைகிற அளவுக்குத்தான். மண்டப வாசலில் இறங்கிப் பார்த்தால் அப்பாவின் வேட்டியில் இரண்டு முழங்காலின் உள்பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு நீலம் அப்பியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியை அவிழ்த்துத் திருப்பிக் கட்டிக்கொண்டு, மண்டபத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். எந்தக் கல்யாணத்திலும் மேடைக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் அவர்.

அடுத்த ஞாயிறு அதே பேண்ட்டோடு தர்மபுரியில் அக்கா வீட்டுக்குப் போனேன். புது வீடு, சந்தன நிறத்தில் புது ரெக்சின் சோஃபா. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் அதில் உட்கார்ந்து மாமாவோடு கிரிக்கெட் பார்த்தேன். எழுந்தபோது நான் இருந்த இடம் மட்டும் மங்கலான நீலமாக இருந்தது. அன்று மழை இல்லை, பேண்ட்டும் நனையவில்லை. உடம்பு வியர்வையும் சூடும் போதுமானதாக இருந்திருக்கிறது. அக்கா சோப்புத் தண்ணீரில் துடைத்தாள், பாதி போனது. மீதி இன்னும் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் இதை உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்தேன். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். அம்மா கல்லுப்பு என்றார். அக்கா வினிகர் என்றாள். ஓசூரில் என்னோடு வேலை செய்யும் நண்பர் சாயத்தைப் பிடித்து வைக்கும் டை ஃபிக்ஸர் என்று ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தார். தெருமுனையில் துணி தேய்க்கும் அண்ணன் மட்டும், “ஒண்ணும் வேணாம் தம்பி, நாலு தடவ நல்லா அலசு” என்றார். யார் சொன்னது சரி என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்த நீலம் ஏன் ஒட்டுகிறது என்று தெரிந்துகொண்டால், எந்த வைத்தியம் எடுபடும், எது எடுபடாது என்பது பாதி அங்கேயே விளங்கிவிடும்.

நீலம் நூலுக்குள் இறங்குவதில்லை

ஜீன்ஸ் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. அதனால்தான் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளிறியும் இருக்கிறது. பாவு நூலுக்கு ஏற்றும் சாயம் இண்டிகோ, அதாவது நம் அவுரிச் செடியில் இருக்கும் அதே நீலம். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்றைக்கும் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். ஆனால் நாம் போடும் ஜீன்ஸில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் செய்த இண்டிகோ. ஜெர்மனியில் 1897 முதல் அதை வியாபாரத்துக்குச் செய்யத் தொடங்கினார்கள். செடியில் வந்தாலும் ஆலையில் வந்தாலும் சாயத்தின் குணம் ஒன்றுதான்.

இண்டிகோ தண்ணீரில் கரையாது. ஆகவே சாயத் தொட்டியில் காரமும் வேறொரு ரசாயனமும் சேர்த்து, அதைக் கரைகிற நிலைக்கு மாற்றுகிறார்கள். அப்போது தொட்டித் தண்ணீர் நீலமாக இருக்காது, மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். நூலை அதில் முக்கி வெளியே எடுத்துக் காற்றில் காட்டினால் கண்ணெதிரே நீலமாகிறது. காற்றுப் பட்டதும் சாயம் பழையபடி கரையாத நிலைக்குப் போய் நூலிலேயே தங்கிவிடுகிறது. கருநீலம் வேண்டுமென்றால் இதே முக்கலையும் காற்றாடலையும் பல முறை திருப்பிச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் முந்திய நீலத்தின் மேல் இன்னொரு படலம் ஏறுகிறது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, நீலம் நூலின் மேல்பகுதியில்தான் நிற்கிறது, நடுத்தண்டுக்குப் போவதில்லை. உங்கள் பழைய ஜீன்ஸின் கிழிந்த ஓரத்திலிருந்து ஒரு நீல நூலை இழுத்து, குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பாருங்கள். ஓரம் நீலமாகவும் நடு வெள்ளையாகவும் தெரியும். முழங்காலில் ஜீன்ஸ் வெளுப்பதும் அதனால்தான். இரண்டு, பஞ்சுக்கும் இண்டிகோவுக்கும் இடையே உறுதியான ரசாயனப் பிணைப்பு எதுவும் கிடையாது. டி-ஷர்ட்டுகளுக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பஞ்சோடு பிணைந்து நிற்கும். இண்டிகோ, சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி, படிந்து நிற்கிறது. அடர்த்தியாக அடித்த சுண்ணாம்பில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும் இல்லையா, அதே கதைதான்.

ஆக, ‘சாயம் போவது’ வேறு, ‘சாயம் ஒட்டுவது’ வேறு. சாயம் போவது என்றால் தண்ணீரில் கரைந்து வெளியேறுவது. சாயம் ஒட்டுவது என்றால் உரசலில் துகளாகப் பெயர்ந்து அடுத்த பொருளுக்கு மாறுவது. நம் வீடுகளில் சொல்லப்படும் வைத்தியங்கள் ஏறக்குறைய எல்லாமே முதல் பிரச்சினைக்கானவை. ஜீன்ஸின் பிரச்சினை இரண்டாவது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் நானும் உப்பு மூட்டையைப் பிரித்தேன்.

சோதித்த விதம்

பேண்ட்டின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்தபோது டெய்லர் இரண்டு காலிலும் வெட்டிய துண்டுகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றும் மூன்று விரல் அகலம். நல்லவேளையாகத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அவற்றை ஐந்து துண்டாக வெட்டினேன். ஒன்றை அப்படியே விட்டேன். மற்ற நான்கில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வைத்தியம் செய்து, நிழலில் காய வைத்தேன். பிறகு அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்த வெள்ளைத் துணியால், ஒரே அளவு அழுத்தி, பத்து முறை முன்னும் பின்னுமாகத் தேய்த்தேன். முதலில் காய்ந்த துணியால், அப்புறம் நனைத்துப் பிழிந்த துணியால்.

இது நானாகக் கண்டுபிடித்த முறை இல்லை. துணி ஆலைகளில் இதற்கென்று ஒரு கருவி உண்டு. சுமார் 900 கிராம் எடை அழுத்துகிற ஒரு விரல் போன்ற கம்பியில் வெள்ளைத் துணியைக் கட்டி, சாயத் துணியின் மேல் பத்து முறை ஓட்டுவார்கள். வெள்ளைத் துணியில் எவ்வளவு கறை ஏறியது என்று பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 என்றால் கறையே இல்லை. கருநீல ஜீன்ஸ் காய்ந்த உரசலில் சுமாரான மதிப்பெண் வாங்கும், ஈர உரசலில் 1, 2 என்று விழுவது சகஜம். ஆலையிலேயே அப்படித்தான் என்றால், நாம் வாங்கியது மட்டும் மட்டமான துணி என்று நினைக்க வேண்டியதில்லை. விலை உயர்ந்த கருநீல ஜீன்ஸும் ஒட்டும். சொல்லப்போனால் துவைக்காமல் விற்கும் உயர் ரக ‘ரா டெனிம்’தான் எல்லாவற்றிலும் அதிகம் ஒட்டும்.

எந்த வைத்தியமும் செய்யாத துண்டு, ஈரத் துணியில் கட்டியான நீலத்தை இறக்கியது. இதை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் மற்றவற்றைப் பார்த்தேன்.

கல்லுப்பு

அம்மா சொன்னபடி ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டு ஓர் இரவு ஊற வைத்தேன். அளவுகோல் துண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வெள்ளைத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அக்காவிடம் காட்டினேன். எது எது என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

உப்பு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் காரணம் தெரிகிறது. திருப்பூர் சாயப்பட்டறைகளில் மூட்டை மூட்டையாக உப்பு போடுவது உண்மை. சாயத்தைத் தண்ணீரிலிருந்து பஞ்சுக்குத் தள்ளுவதற்காக, சாயம் ஏற்றும்போதே போடுவது அது. ஏற்றி முடித்த துணியைப் பிடித்து வைக்க உப்பால் ஆகாது. இண்டிகோ விஷயத்தில் அதுவும் இல்லை. கரையாத துகளை உப்பு எங்கே தள்ளும்? அம்மாவிடம் இதைச் சொன்னேன். “உங்க தாத்தா காலத்துல செவப்புப் புடவைக்குப் போடுவாங்கடா” என்றார். அந்தச் சாயமே வேறு.

வினிகரும் படிகாரமும்

வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். பட்டு, கம்பளி, நைலான் இவற்றுக்குப் போடும் சாயங்கள் சில அமிலம் சேர்ந்தால்தான் பிடிக்கும். பருத்தியில் ஏறிய இண்டிகோவுக்கு அது எதுவும் செய்யாது. என் துண்டும் அதையே காட்டியது: காய்ந்த உரசலில் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, ஈர உரசலில் பழைய கதைதான். அந்தக் கொஞ்சக் குறைவும் வினிகரால் வந்ததில்லை, ஊற வைத்து அலசியதால் வந்தது என்றே நினைக்கிறேன்.

படிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சோழமண்டலக் கரையில் சாயவேர் வைத்து ஏற்றிய சிவப்புக்குப் படிகாரம்தான் பிடிமானம்; அது இல்லாமல் அந்தச் சிவப்பு நிற்காது. அந்தப் பெருமை எப்படியோ எல்லாச் சாயத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நீலத்துக்கு அந்தக் காலத்திலும் படிகாரம் தேவைப்பட்டதில்லை. ஆகவே ஜீன்ஸுக்குப் படிகாரம் வாங்க வேண்டாம்.

வினிகருக்கு ஒரே ஓர் இடத்தில் வேலை இருக்கிறது, அதைத் தண்ணீர் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

டை ஃபிக்ஸர்

இதில்தான் எனக்கு அதிக நம்பிக்கை இருந்தது, ஏமாற்றமும் இதில்தான் அதிகம். கடைகளிலும் இணையத்திலும் விற்கும் பெரும்பாலான ஃபிக்ஸர்கள் நேர் மின்னூட்டம் கொண்டவை. டைரக்ட் சாயம், ரியாக்டிவ் சாயம் போன்றவை எதிர் மின்னூட்டம் கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, தண்ணீரில் கரையாத கட்டியாகி நூலிலேயே தங்கும். சாயம் போகும் சிவப்புப் பருத்தி குர்தா, கலர் காட்டன் பேண்ட், பாந்தினி துப்பட்டா இவற்றுக்கு ஃபிக்ஸர் உண்மையிலேயே உதவும். எங்கள் வீட்டில் ஒரு மெரூன் பாவாடைக்குப் போட்டுப் பார்த்தோம், பக்கெட் தண்ணீர் அடுத்த துவைப்பிலேயே தெளிந்துவிட்டது.

இண்டிகோவுக்கு அந்த மின்னூட்டம் கிடையாது. பற்றிக்கொள்ள எதுவும் இல்லாததால் ஃபிக்ஸர் துணியின் மேல் சும்மா படிகிறது. என் துண்டில் ஈர உரசல் ஒரு நூல் அளவு குறைந்திருக்கலாம், அவ்வளவுதான். ஆலைகளில் ஜீன்ஸின் உரசலைக் குறைக்கப் பிசின் மாதிரியான பூச்சுகள் கொடுக்கிறார்கள், அது வேறு. அதைச் சூட்டில் பதப்படுத்த வேண்டும், வீட்டு பக்கெட்டில் நடக்காது.

கறுப்பு ஜீன்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். பெரும்பாலான கறுப்பு ஜீன்ஸில் இருப்பது கந்தகச் சாயம். அதுவும் இண்டிகோ மாதிரியே கரையாத நிலையில் நூலில் தங்கும் ரகம்.

அலசல்

துணி தேய்க்கும் அண்ணன் சொன்னதுதான் ஜெயித்தது. நாலு முறை துவைத்து அலசிய துண்டில், காய்ந்த உரசல் ஏறக்குறைய நின்றுவிட்டது. வெள்ளைத் துணியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் லேசான நீலம் தெரிந்தது. ஈர உரசல் முழுதாக நிற்கவில்லை, ஆனால் அளவுகோல் துண்டில் கருநீலமாக இறங்கியது இதில் வானநீலமாக இறங்கியது. பர்கூர் கடைக்காரரும் வாங்கும்போதே சொன்னார்: “ரெண்டு தண்ணி போனா சரியாயிடும் தம்பி.” இரண்டு போதாது என்பதைத் தவிர அவர் சொன்னது தப்பில்லை.

காரணம் எளிது. பல முறை முக்கி ஏற்றிய படலங்களில் கடைசிப் படலங்கள்தான் பிடிப்பில்லாமல் நிற்கின்றன. அவற்றை நாமே முன்கூட்டி எடுத்துவிட்டால் வேட்டிக்கும் சோஃபாவுக்கும் போக மிச்சம் குறைவு. இதற்குக் கொடுக்கும் விலை நிறம். நாலு அலசலுக்குப் பிறகு பேண்ட் ஒரு படி வெளுத்திருக்கும். கருநீலத்தின் அழகுக்காகவே வாங்கியவர்களுக்கு இது மனசு கேட்காது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் நிறத்தையும் காப்பாற்றி, ஒட்டாமலும் செய்யும் வழி வீட்டில் கிடையாது.

செய்யும் விதத்தில்தான் சூட்சுமம். பேண்ட்டை உள்வெளியாகத் திருப்பி, ஜிப், பட்டன் எல்லாம் போட்டு, தனியாக ஊற வையுங்கள். அரை மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க ஊற வைத்தால் பெயர்ந்த நீலம் அதே தண்ணீரில் மிதந்து திரும்பத் துணியிலேயே, முக்கியமாக வெள்ளை ஊடையிலும் பாக்கெட் துணியிலும், படியும். கருத்த தண்ணீரை உடனே கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். இரண்டாவது தண்ணீரில் கொஞ்சம் லிக்விட் போட்டுக் கையால் கும்முங்கள். கல்லில் அடிக்க வேண்டாம், பிரஷ் போட வேண்டாம். தையல் ஓரங்களிலும் மடிப்பிலும் வெள்ளைக் கோடு விழுந்து அசிங்கமாகிவிடும். கடைசி அலசலில் தண்ணீர் தெளியும்வரை விடாதீர்கள். பிழிந்து முறுக்காமல் தண்ணீரை வடியவிட்டு, நிழலில் உலர்த்துங்கள். ஒரே நாளில் நாலு முறையும் செய்வதைவிட, காய விட்டுக் காய விட்டு நாலு நாளில் செய்தது எனக்கு நன்றாக வந்தது.

வெதுவெதுப்பான தண்ணீர் நீலத்தை வேகமாக எடுக்கும். ஆனால் ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ் என்றால் சூடு வேண்டாம், அதிலுள்ள இழுபடும் நூல் சூட்டில் தளர்ந்துவிடும். மெஷினில் போடுகிறீர்கள் என்றால் தனியாகப் போட்டு, முடிந்ததும் ஒரு முறை காலியாக ஓட்டிவிடுங்கள், ரப்பர் வளையத்தில் நீலம் தங்கியிருக்கும். மெஷினில் சாயம் உறிஞ்சும் தாள் என்று ஒன்று விற்கிறார்கள். தண்ணீரில் வந்த சாயத்தை அது பிடிக்கும், உரசலில் வருவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று, எனக்குப் பட்ட பிறகுதான் தெரிந்தது. நீளம் குறைக்கக் கொடுப்பதற்கு முன்பே ஒரு முறையாவது நனைத்துக் காய வைத்துவிடுங்கள். துவைக்காத ஜீன்ஸில் கஞ்சி இருக்கும், முதல் தண்ணீரில் அது போய்த் துணி சுருங்கும். நான் வெட்டிய பிறகு துவைத்தேன், பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது.

நம் ஊர்த் தண்ணீர்

எந்தத் தண்ணீரில் அலசுகிறோம் என்பதும் இங்கே முக்கியம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்த் தண்ணீர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. ஃபுளோரைடு பிரச்சினைக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் திறந்தார்கள். துணிக்கு ஃபுளோரைடு ஒரு பொருட்டில்லை. பொருட்டாக இருப்பது அந்தத் தண்ணீரின் கடினத்தன்மை. கடின நீரில் துணி சோப்பு நுரைக்காது. நுரைப்பதற்குப் பதிலாகத் தயிர்த் திவலை மாதிரி வெள்ளைக் கசடாகித் துணியில் படியும். பெயர்ந்த சாயமும் சரியாக வெளியேறாது, துணியும் விறைப்பாகும். வாளி வாளியாக அலசினாலும் அலசின மாதிரி இருக்காது.

ஆகவே கட்டி சோப்பை விட்டு லிக்விட் அல்லது பவுடர் போடுங்கள், அவை கடின நீரிலும் ஓரளவு வேலை செய்யும். வீட்டில் ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் கடைசி அலசலை அதில் வைத்துக்கொண்டால் நல்லது. அதுவும் முடியாது, போர்தான் என்றால், கடைசி வாளித் தண்ணீரில் கால் டம்ளர் வினிகர் விடலாம். வினிகரின் ஒரே வேலை என்று முன்பு சொன்னேனே, அது இதுதான்: கசடைக் கரைத்து அலசலை முழுமையாக்கும். நீலத்தைப் பிடித்து வைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஜீன்ஸை விட்டு, எதிர்ப்பக்கத்தைக் காப்பது

ரா டெனிம் பிரியர்கள் மாதக்கணக்கில் துவைக்காமல் போடுவார்கள். அவரவர் உடம்பு மடிப்புக்கு ஏற்ப வெளுத்து வரும் அழகு அவர்களுக்கு வேண்டும். அவர்களிடம் நாலு முறை அலசு என்று சொல்வது வீண். அவர்கள் எடுக்க வேண்டிய வழி, ஜீன்ஸைத் தொடாமல் எதிரில் இருப்பதைக் காப்பது. நனையும் வாய்ப்புள்ள நாளில் போடக்கூடாது. ஒகேனக்கல் பரிசலுக்கு நிச்சயமாகப் போடக்கூடாது. வெளிர் நிற ரெக்சின், லெதர் மேல் துண்டு விரிக்காமல் உட்காரக் கூடாது. வெள்ளை ஷூ என்றால் கால் ஓரத்தை ஒரு மடிப்பு மடித்துவிட வேண்டும். இதெல்லாம் சொல்ல எளிது. மூன்று மாதம் எல்லா நேரமும் நினைவில் வைத்துக்கொண்டு வாழ்வது கஷ்டம். நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். வீட்டில் வெள்ளை வேட்டி கட்டும் பெரியவர்களும், ஓடி வந்து மடியில் ஏறும் குழந்தைகளும் இருக்கும்போது, நம் பேண்ட்டின் அழகுக்காக அவர்கள் ஒதுங்கி நடக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் ஒரு பொருளுக்கு மட்டும் எதிர்ப்பக்கக் காவல் கட்டாயம் வேண்டும்: வெளிர் நிற ரெக்சின், செயற்கை லெதர். பருத்தியில் ஒட்டிய இண்டிகோவை எடுக்க வழி இருக்கிறது, ரெக்சினில் ஒட்டியதை எடுப்பது மிகவும் கடினம். பி.வி.சி., பி.யூ. போன்ற பூச்சுகள் சாயத்தை மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் நாள் மேலே இருக்கும் நீலம் ஒரு வாரத்தில் உள்ளே போய்விடும், அப்புறம் எதைப் போட்டுத் துடைத்தாலும் வராது. ஸ்கூட்டர் சீட், கார் சீட், கைப்பை, செல்போன் கவர் எல்லாம் இதில் அடங்கும். ஆகவே நாலு அலசல் முடித்த ஜீன்ஸானாலும் கார் சீட்டு வெளிர் நிறம் என்றால் பருத்தி உறை போட்டுவிடுங்கள். லெதருக்கான பாதுகாப்புப் பூச்சுகள் விற்கிறார்கள். சாயத்துக்கும் லெதருக்கும் நடுவே ஒரு படலமாக நின்று ஓரளவு தடுக்கும், ஆனால் தேயத் தேயத் திரும்பப் போட வேண்டும்.

ஒட்டிவிட்டால்

ரெக்சின் என்றால் அன்றைக்கே, அந்த மணி நேரமே, மென்மையான சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். போகவில்லை என்றால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை, முதலில் மறைவான மூலையில் வைத்துச் சோதித்துவிட்டு உபயோகியுங்கள். ஸ்பிரிட் பூச்சையே கரைத்து மங்கச் செய்துவிடலாம். அக்காவின் சோஃபாவில் கறை இருந்த இடத்தில் நான் இதை நேரடியாகப் போடாமல் விட்டது நல்லதுதான். பின்னால் அடிப்பக்கத்தில் தொட்டுப் பார்த்தபோது மினுமினுப்பு போய்விட்டது.

வெள்ளைப் பருத்தி வேட்டிக்கு வழி சுலபம். கறை போகும்வரை இஸ்திரி போட வேண்டாம். ஆக்சிஜன் வகை வெளுப்புப் பொடியில் ஊற வைத்துத் துவைத்துப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் குளோரின் ப்ளீச். குளோரின் இண்டிகோவின் நிறத்தையே உடைத்துவிடும். ஆனால் கலர் கரை உள்ள வேட்டி, ஜரிகை, பட்டு என்றால் அதைத் தொடக்கூடாது. அப்பாவின் வேட்டி பச்சைக் கரை. ஆகவே ஆக்சிஜன் பொடியில் மூன்று முறை போட்டேன். மூன்றாவதில் வந்துவிட்டது.

வாங்கும்போதே முடிவெடுப்பது

இவ்வளவும் வாங்கிய பிறகு செய்வது. அடுத்த ஜீன்ஸுக்கு நான் கடையிலேயே முடிவெடுத்தேன். ஆலையில் ‘ஸ்டோன் வாஷ்’, ‘என்சைம் வாஷ்’ செய்து வருபவை பெயரும் நீலத்தை ஏற்கெனவே இழந்து வருகின்றன. நடுநீலம், வெளிர்நீலம் எல்லாம் அப்படி வெளுத்தவைதான், ஒட்டுவது மிகக் குறைவு. கர்நாடகாவில் பெல்லாரியில் ஜீன்ஸ் தைத்து வாஷ் செய்யும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. கருநீலம்தான் வேண்டும் என்றால் ‘ரின்ஸ் வாஷ்’ கேளுங்கள். ஒரு முறை அலசியதாகவாவது இருக்கும், அதிகம் சுருங்கவும் செய்யாது. ஆனால் லேபிளில் எழுதியிருப்பதை நம்பி விட்டுவிடாமல் கைக்குட்டை சோதனை செய்துவிடுங்கள். வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு மூலையைத் தண்ணீரில் நனைத்து, பேண்ட்டின் உள்பக்கத் தையல் மடிப்பில் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். “அண்ணா, சாயம் ஒட்டுதான்னு பாத்துக்கறேன்” என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பர்கூரில் ஒரு கடையில் அவரே இன்னும் இரண்டு பேண்ட்டை எடுத்துப் போட்டு, “இதையும் தேய்ச்சுப் பாருங்க” என்றார். மூன்றில் ஒன்று மட்டும் கைக்குட்டையை வெறும் வானநீலத்தோடு விட்டது. அதை வாங்கினேன்.

எனவே, நாளைக் காலை கல்யாணத்துக்குப் போட வேண்டிய கருநீலப் பேண்ட் இன்னும் பையில் இருக்கிறது என்றால், என் யோசனை வேறு பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான். ஒரே இரவில் எதுவும் அதைச் சரிசெய்யாது. ஒரு வாரம் இருக்கிறது என்றால் நாலு அலசல். கறை பட்டால் போகாத பொருள் வீட்டில் இருக்கிறது, அல்லது அலசப் பொறுமை இல்லை என்றால் வாஷ் செய்த ஜீன்ஸ். ஃபிக்ஸர் பாட்டிலைக் கலர் குர்தாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்லுப்பு சமையலறையிலேயே இருக்கட்டும்.

தையில் பாலக்கோட்டிலேயே இன்னொரு கல்யாணம் வந்தது. நாலு அலசல் முடித்த அந்தப் பழைய பேண்ட்டைத்தான் போட்டேன். கிளம்பும்முன் அப்பாவின் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து தொடைப் பக்கம் தேய்த்து அவரிடமே காட்டினேன். துண்டை வெயிலில் தூக்கிப் பார்த்தார். “இன்னும் லேசா இருக்குடா” என்றார். பேண்ட்டுக்கும் வேட்டிக்கும் நடுவில் அந்தத் துண்டையே மடித்துப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.